அப்பப்பாவின் இதயமும் என் விரல்களும்

பிள்ளைகளே, அப்பப்பாவுக்கு மூச்சு வாங்கி, காலும் வீங்கியபோது அவரை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் ஏன் உங்களோடு எரிந்து விழுந்தேன் என்பது தெரியாது. இப்போது சொல்லலாம்.

அவருடைய இதயத்தில் அமிலாய்ட் என்ற நார் படிந்திருப்பதாக டொக்டர் அம்மா சொன்னார். ஈரல் செய்கிற ஒரு புரதம் சிலருக்கு வயது போனால் மடிப்புக் குலைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகி நாராகிவிடுமாம். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன எனக்கு, மாதா கோயில் கதிரைகளை நினைத்த பிறகுதான் அது விளங்கியது. பெருநாள் முடிந்து பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கும்போது, முதல் கதிரை இருக்கிற மாதிரித்தான் மேலே வருவதெல்லாம் இருக்கும். முதலாவதைக் கவிழ்த்து வைத்தால் முழு அடுக்கும் கவிழ்ந்தே வளரும். கதிரை ஒன்றுதான், அடுக்கு வேறு. புரதமும் அப்படித்தான். ஒரே புரதம் வெவ்வேறு விதமாக மடிந்து, வெவ்வேறு உருவத்தில் நாராகுமாம். அந்த நாரை உறைய வைத்துப் பெரிய நுணுக்குக்காட்டியில் பார்த்து அந்த உருவங்களைக் கண்டிருக்கிறார்கள். ஏன் அப்படி வேறுபடுகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியாதாம்.

அப்பப்பாவுக்கு முன்பு விரல் விறைத்ததா என்று டொக்டர் அம்மா கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கரையில் வலை இழுக்கிற ஆருக்குத்தான் விறைக்காது? அப்பப்பாவுக்குப் பத்து வருடமாக விறைப்பு, வலையால்தான் என்று விட்டுவிட்டோம். அது வலை இல்லையாம். அதே நார்தான் மணிக்கட்டில் படிந்து நரம்பை நெரித்திருக்கிறது.

நான் என் கையை மெல்ல மேசைக்குக் கீழே இறக்கினேன். எனக்கும் இரண்டு வருடமாக விறைக்கிறது.

இந்த இதய வருத்தத்தில் வயதால் வருவது ஒன்று, பரம்பரையாக வருவது இன்னொன்று. அப்பப்பாவின் இரத்தத்தைச் சோதித்தால்தான் எதுவென்று தெரியும். பரம்பரை என்றால் அது எனக்கும், என்னால் உங்களுக்கும் வரக்கூடும். முடிவுக்காகக் காத்திருந்த ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பை என் கையிலிருந்து நழுவியது. சுட்டுவிட்டது என்றேன்.

"ஆறின தேத்தண்ணி எப்பிடியப்பா சுடும்?" என்றா உங்கள் அம்மா.

அன்றுதான் அவவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு கேட்கப் போன நாளில் அவவும் வந்தா.

டொக்டர் அம்மா தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணை, மரபணுவில ஒரு மாற்றமும் இல்லை. இது வயசால வந்தது. உங்களுக்கோ பிள்ளையளுக்கோ இறங்காது."

அதற்குப் பிறகுதான் கையை நீட்டிக் காட்டினேன். நரம்பைச் சோதிக்க அனுப்பினார். அந்த முடிவைப் பார்த்துவிட்டு, என்னுடையது வலை இழுத்து வந்த விறைப்புத்தான் என்றார்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த அப்பப்பாவிடம் சொன்னோம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காணியும் குடுக்கேல்லை, வருத்தமும் குடுக்கேல்லை. அப்ப நான் இவனுக்கு என்னதான் குடுத்தனான்?"

"வலையைக் குடுத்தனீங்கள் மாமா. அதாலதான் கை விறைக்குது," என்றா உங்கள் அம்மா.

அவருடைய வருத்தம் போகாது. மருந்தும் உப்புக் குறைத்த சாப்பாடுமாக இறங்குதுறை வரை நடக்கிறார், அது போதும். முடிவு கேட்ட அன்று உங்களுக்கு நான் வாங்கிய ஐஸ்கிறீம், பஸ் எங்கள் வேலணைக்கு வரமுதலே உருகிவிட்டது. நீங்கள் மூன்று பேரும் முறைப்பாடு வைத்தீர்கள். எனக்கு அதுகூடக் கேட்க நல்லாயிருந்தது.