தாய்மாமன் மடியில் லேப்டாப்

மகளின் லேப்டாப்பில் வைஃபை சராசரியாகப் பதினொரு நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. யூகமாகச் சொல்லவில்லை. நான்கு மாலைகள் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அறுந்த நேரங்களை நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கூட்டி வகுத்தேன். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவளுக்கு வேலைக்கான நேர்காணல், அந்த லேப்டாப் வழியாக. நாற்பத்தைந்து நிமிடம். என் கணக்குப்படி நான்கு முறை அறுந்தாக வேண்டும். இரண்டு முறை அறுந்தால் நேர்காணல் ரத்து என்று அவர்கள் அனுப்பிய கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ஒன்றரை வருடமாக அவள் விண்ணப்பித்ததில் கடைசிச் சுற்றுவரை வந்தது இது ஒன்றுதான்.

வேறு வழிகளையும் வரிசையாகப் பார்த்தேன். இணையக் கேபிள் செருகும் துளை என்றோ செத்துப்போயிருந்தது. போனைக் கேபிளில் இணைத்தால், நேர்காணலுக்காக அவர்கள் போடச் சொல்லியிருந்த கண்காணிப்பு மென்பொருள் அதைக் காப்பி அடிக்கும் கருவி என்று எடுத்துக்கொள்ளும். இரவல் லேப்டாப்பும் ஆகாது. முதல் சுற்றிலேயே இந்த லேப்டாப்பைத்தான் பதிவு செய்திருந்தார்கள். மிச்சம் இருந்தது, உள்ளே இருக்கும் பழைய வைஃபை கார்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது. தபாலில் வரவழைத்தேன். தபால்தலை அளவுதான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் பெரம்பலூர் வீட்டு சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வேலையைத் தொடங்கினேன். வீடியோவை மூன்று முறை பார்த்து பதினான்கு படிகளாக எழுதி வைத்திருந்தேன். எட்டாவது படிவரை குற்றமில்லை. ஒன்பதாவது, கார்டின் தலையில் மாட்டியிருக்கும் கறுப்பு, வெள்ளை ஆண்டெனா வயர்களைக் கழற்றுவது. முனையில் சட்டைப் பொத்தான் போல அழுத்தி மாட்டும் குட்டி உலோக வளையம் இருக்கும். அதை நகத்தால் நேராக மேலே தூக்க வேண்டும். நான் கறுப்பு வயரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துவிட்டேன். வெள்ளையைச் சரியாகத்தான் எடுத்தேன். அதற்குள் கறுப்பின் வளையம் விரிந்திருந்தது. புதுக் கார்டில் வைத்தால் உட்கார்ந்தது, விரலை எடுத்ததும் எழுந்துகொண்டது. வெள்ளையை மட்டும் மாட்டிப் பார்த்தேன். நான்கே நிமிடத்தில் அறுந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர், ஸ்கிரீனைப் பிரித்து வயரையே மாற்ற வேண்டும், வயர் திருச்சியிலிருந்து செவ்வாய்க்கிழமை வரும் என்றார்.

மகள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். மனைவிதான் என் கையிலிருந்த பூதக்கண்ணாடியை வாங்கி வளையத்தைப் பார்த்தாள்.

"இது என் மூக்குத்தி திருகாணியவிட பெருசாத்தான இருக்கு? அது லூசானப்ப அரியலூர் பத்தர்தான இறுக்கிக் குடுத்தாரு. அவருகிட்ட எடுத்துட்டுப் போங்க."

"அவரு நகை செய்யறவரும்மா."

"நீங்க என்ன செய்யறவரு?"

ஞாயிற்றுக்கிழமை காலை அடிமூடி இல்லாத லேப்டாப்பை ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியில் வைத்து, மடியில் ஏந்தி பஸ் ஏறினேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் புரட்டிப்போட்ட சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன். கண்டக்டர், "குட்டி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

அரியலூர் என் மனைவி பிறந்த ஊர். அதனால் ஐம்பத்திரண்டு வயதிலும் பத்தருக்கு நான் மாப்பிள்ளைதான். நான் போனபோது கடையில் காதுகுத்து. மூன்று வயதுப் பெண் குழந்தை, மொட்டைத் தலையில் சந்தனம், கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும் அழுகை. அதன் தாயும், ஆண்டிமடத்திலிருந்து வந்திருந்த தாய்மாமனும் மாறி மாறிச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள். மாமன் மடியில் உட்கார வைப்பதும், பத்தர் ஊசியை எடுப்பதும், குழந்தை வழுக்கி இறங்கி ஓடுவதுமாக முக்கால் மணி நேரம் ஆகிவிட்டதாம்.

பத்தர் வளையத்தைக் கண்ணில் மாட்டிய லென்ஸ் வழியாகப் பார்த்தார். "ரெண்டு நிமிச வேலை மாப்ள. ஆனா இன்னிக்கு மொத குத்து புள்ளைக்குத்தான். தட்டு வச்சாச்சுல்ல. செத்த இருங்க."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு பொண்ணுக்கு இன்டர்வியூங்க."

"எனக்கும் பதினோரு மணியோட நல்ல நேரம் முடியுது."

அப்போதுதான் குழந்தை என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. அழுகை நின்றது.

"இதுக்கும் காது குத்தப் போறாங்களா?"

கடையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. "ஆமா" என்றேன்.

"அப்ப அதுக்கு மொதல்ல" என்றது குழந்தை.

பத்தர் யோசித்தார். தட்டு வைத்தவர்களே சொன்னால் தோஷமில்லை என்று ஒரு முடிவுக்கு வந்து கையை நீட்டினார். நான் லேப்டாப்பைக் கொடுக்கப் போனேன்.

"மாமா மடியில வைக்கணும்" என்றது குழந்தை.

ஆண்டிமடத்துக்காரருக்கு முப்பது வயதிருக்கும். புது வேட்டி. "குடுங்க சார். எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது" என்று கிழக்கு பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வாங்கினார். குழந்தை கேட்டதால் அதன் தாய் லேப்டாப் மூடியின் ஓரத்தில் சந்தனம் தொட்டு வைத்தார். காப்பரிசியும் ஊட்ட வேண்டும் என்றது குழந்தை. வெல்லம் கலந்த ஈர அரிசி, திறந்து கிடக்கும் மின்சுற்றுக்கு ஒரு சாண் மேலே, மூன்று வயதுக் கையில். நான் குறுக்கே பாய்ந்து அதை என் வாயில் வாங்கிக்கொண்டேன்.

"நீங்க என்ன அதுக்கு அப்பாவா?" என்றார் மாமன்.

"எந்தக் காது மாப்ள? கறுப்பா, வெள்ளையா?" என்றார் பத்தர்.

"கறுப்பு."

"ஆட்டாதீங்க தம்பி, கெட்டியாப் புடிங்க."

மாமன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பத்தர் மெல்லிய இடுக்கியால் வளையத்தை மூன்று இடத்தில் மயிரிழை அளவு நெருக்கி, கார்டின் முனையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். டிக் என்றது. வயரை லேசாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பத்து மணி நாற்பத்தொன்று.

"பாத்தியா, அது அழுவுதா?" என்றார் பத்தர் குழந்தையிடம்.

குழந்தை லேப்டாப்பை நெடுநேரம் பார்த்தது. பிறகு மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தது. ஊசி பட்டதும் முன்பைவிட இரண்டு மடங்கு அலறியது. இன்னொரு காதைக் குத்துவதற்குள் அலறல் என் பக்கம் திரும்பிவிட்டது. "பொய்யி சொல்லிட்டாரு! வலிக்குது! பொய்யி சொல்லிட்டாரு!" அது சொன்னதில் நியாயம் இருந்ததால் ஓரமாகப் போய் நின்றேன்.

அங்கேயே என் போன் வைஃபையில் சோதித்துப் பார்த்தேன். ஐம்பத்தைந்து நிமிடம் அறுபடவில்லை. அதற்குள் ஆண்டிமடத்துக் குடும்பம் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்திருந்தது.

திங்கட்கிழமை நேர்காணல் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. நானும் மனைவியும் சமையலறையில் மூச்சு விடாமல் நின்றோம். சுவர் வழியாகப் பேச்சு கேட்டது. பதினொன்று பதினெட்டுக்குச் சட்டென்று மௌனம். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு நிமிடம் கழித்து ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில், தங்கள் பக்கம் இணைப்பு போய்விட்டது என்று மன்னிப்புக் கேட்டது. பதினொன்று முப்பத்திரண்டுக்கு மறுபடியும். பதினொன்று நாற்பதுக்கு மூன்றாவது முறை. மூன்றும் அவர்கள் பக்கம். நிறுவனத்தின் பக்கம் அறுந்தால் எதை ரத்து செய்வது என்று கடிதத்தில் இல்லை. ஒவ்வொரு முறையும், ஒருவேளை தன் முகம் அவர்களுக்குத் தெரியக்கூடும் என்று அவள் சிரித்த முகத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு சொன்னாள்.

கடைசியில் அந்தக் குரல் தமிழுக்கு மாறியது. "ரொம்ப சாரிம்மா. மூணு தடவ நாங்களே கட் ஆயிட்டோம். இதெல்லாம் பாத்த பிறகும் எங்ககிட்ட வேலைக்கு வரணும்னு இருக்கா?"

பதில் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கறுப்பு வயர்தான் கழன்றுவிட்டது என்று நான் கதவை நோக்கி ஒரு அடி வைத்தேன்.

"இருக்கு சார்" என்றாள் மகள்.