கடைக்குள் ஒரு கதிரை

ஆண்டு ஆறில் படித்தபோது எனக்குச் சொந்தமாக ஒரு துணிக்கடை இருந்தது. ராகலையில் எங்கள் வீட்டு முன்னறையில், அக்காவின் படிப்புக்காக அப்பா வாங்கிய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, வேலைக்கு அனுப்பி விளையாடும் விளையாட்டு. மற்றப் பிள்ளைகள் வீடு கட்டினார்கள். நான் கடை திறந்தேன்.

அந்த விளையாட்டின் சீடி வகுப்புத் தோழியுடையது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் கடைக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிவிடத் துடித்தேன். கடையோ மூன்றிலேயே நின்றது. காரணம், நான் வேலைக்கு வைத்த பெண்கள். ஒவ்வொருத்தியும் அரை நாள் அருமையாக விற்பாள். பிறகு தலைக்கு மேல் சிவப்புக் கோடு ஏறும். புரியாத மொழியில் கத்திவிட்டு வெளியேறிவிடுவாள். சம்பளத்தைக் கூட்டினேன், போனார்கள். சுவரில் படம் மாட்டினேன்; அப்போதும் போனார்கள்.

தீபாவளிக்கு மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, கொழும்பில் பெரிய துணிக்கடையொன்றில் வேலை. இரண்டு நாளும் என் முதுகுக்குப் பின்னால் நின்றே விளையாட்டைப் பார்த்தார். உட்காரச் சொன்னால், "பழகிப்போச்சு குட்டி, நீ வெளாடு" என்பார்.

ஞாயிறு மத்தியானம் நான்காவது பெண்ணுக்கும் கோடு சிவந்தது.

"இவளும் போகப்போறா மாமா! நல்லா விக்கிறவ!"

"அவ எங்க உக்காருவா?"

"கடையில எதுக்கு உக்காரணும்?"

"ஒரு கதிர வாங்கிப் போடு."

"அப்புறம் உடுப்பு மாட்ட எடமிருக்காது. லாபம் கொறைஞ்சிரும்."

"அப்படியே எங்க மொதலாளி மாதிரி பேசுற. போட்டுத்தான் பாருங்களேன், மொதலாளியம்மா!"

வேறு வழியில்லாமல், கோட்டுகள் மாட்டிய தாங்கி ஒன்றை எடுத்துவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டேன். அவள் நேரே போய் உட்கார்ந்தாள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. தானாகவே எழுந்து ஒரு வாடிக்கையாளரிடம் போனாள். கல்லா மணி அடித்தது. மறுபடி அடித்தது. நான் இன்னும் இரண்டு கதிரை வாங்கினேன், இன்னும் இரண்டு பெண்களை வைத்தேன். யாருமே போகவில்லை! நான்காவது நட்சத்திரம் விழுந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது, பல்பு மினுக்கியது. "கரண்டு போயிராதே!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். போகவில்லை. ஐந்தாவதும் விழுந்தது.

நான் போட்ட கூச்சலில், சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"நம்ம கடை ஜெயிச்சிருச்சுக்கா!" என்றார் மாமா.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. "நீ மொதல்ல உக்காரு. காலப் பாரு, எப்படி வீங்கிக் கெடக்குன்னு."

மாமா உடுத்தியிருந்த சாரத்தைக் கால் மறையக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். நான் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, கொழும்புக்குத் திரும்பும் அவரை நுவரெலியா பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். ஜன்னலுக்குக் கீழே நின்று நான் கத்தினேன்: "மாமா, கதிர விசயத்த ஒங்க மொதலாளிக்கும் சொல்லிக் குடுங்க! அவரும் நல்லா லாபம் எடுக்கட்டும்!"

கொண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மாமா சிரித்தார். பஸ் புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கீழே வந்து தேநீர் குடிக்கும்படி அம்மா எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டிக்கொண்டு, இருக்கையைவிட்டு அசையவே இல்லை. ஜன்னலோர இடத்தை யாராவது பிடித்துவிடுவார்களோ என்ற பயம் என்றுதான் நான் நினைத்தேன்.