சேர்த்த கையோடு கேட்ட எண்

டேட்டாபேஸில் ஒரு வரியைச் சேர்க்க எந்தக் கொம்பனும் வேண்டாம். இப்போது சேர்த்தது எது என்று சரியாகக் கேட்டு வாங்குவதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. சாஃப்ட்வேர் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இது!

அக்குளில் கிழிந்தது

லிட்டில் இந்தியாவில் சலீம் பாயின் தையல்கடைக்கு ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் அளவைத் தட்டினால் டேட்டாபேஸ் அதற்கு ஓர் எண் போடும். அந்த எண்ணோடு வரும் சீட்டைத் துணியில் குத்திவிடுவார்கள். தையல்காரர் எண்ணைத் தட்டி, திரையில் வரும் அளவுக்கு வெட்டுவார். ஜம்மென்று ஓடியது.

தீபாவளி நெருங்க, பாய் இரண்டாவது கவுண்டர் போட்டார். அந்த வாரமே, நானும் கடையில் இருந்த நேரத்தில், தோ பாயோவில் குடியிருக்கும் சரோஜா அக்கா புது ரவிக்கையோடு வந்து நின்றார். போட்டதும் அக்குளில் கிழிந்துவிட்டதாம். "என் மகளுக்கே பத்தாது லா இது!" பாய் வேறு துணி தருவதாகக் கெஞ்சி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாளைக்குள்ள சரியாகலைன்னா உங்க கம்ப்யூட்டரை நீங்களே தூக்கிட்டுப் போயிடுங்க."

பெரிய எண்

அன்றிரவே புரோகிராமைத் திறந்தேன். தோண்டிப் பார்த்தால் குற்றவாளி நான்தான். ஆர்டரைச் சேர்த்துவிட்டு, 'இருப்பதிலேயே பெரிய எண் எது?' என்று என் புரோகிராம் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் பக்கத்துக் கவுண்டரும் ஒன்றைச் சேர்த்துவிட்டால், வருவது அவர்கள் எண்! அக்காவின் துணியில் யாரோ ஒல்லிப் பெண்ணின் சீட்டு. கூட வேலை பார்க்கும் மலர்விழிக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவள் சிரித்தே கொன்றாள்.

"டோக்கன் குடுக்கறவங்க கையிலேருந்து வாங்காம, கடைசி டோக்கன் என்னன்னு ஊரெல்லாம் கேட்டுட்டு திரிவியா நீ?"

ஒண்ணு, ரெண்டு, மூணு

சேர்க்கும் கட்டளையே அந்த ஆர்டரின் எண்ணையும் கையோடு திருப்பித் தரும்படி மாற்றினேன். பாய் லேசில் நம்புகிற ஆளா? கவுண்டர் பெண்கள் இருவரையும் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்லி ஒன்றாகப் பட்டனை அமுக்க வைத்தார். மறுபடியும் அமுக்க வைத்தார். அவரவர் சீட்டு அவரவருக்கே வந்தது.

தீபாவளிக் கூட்டம் நடைபாதைவரை நின்றது. ஒரு துணிகூட மாறவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சரோஜா அக்கா புது ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, கையை மேலே தூக்கியபடியே திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பாய், கம்ப்யூட்டரு இங்கேயே இருக்கட்டும் லா, இப்பத்தான் மூச்சு விட முடியுது!"

என் எண்ணை உடனே கேட்டு வாங்கும் புத்தி எனக்கு வர, பாவம், ஒரு ரவிக்கை கிழிய வேண்டியிருந்தது.