தீவு மடாலயத்தின் ஆரணித் திரை

ஆரணி, காலை பத்து மணி பத்து நிமிடம். எத்தியோப்பியாவில், படகில் மட்டுமே போகக்கூடிய ஏரித் தீவு ஆர்த்தடாக்ஸ் மடாலயம் ஒன்றில் நான் எடுத்த படத்தை நெசவாளரிடம் காட்டுகிறேன். கருவறையை மறைக்கும், அன்னம் நெய்த பட்டுத்திரை. பல நூற்றாண்டுப் பழசு என்றார் அங்கிருந்த துறவி. அதை நம்பி என் நூலுக்கு நான் எழுதிய அத்தியாயம் இன்று மாலை அச்சுக்குப் போகிறது. நெசவு பற்றி ஒரு வரி சேர்க்கவே இங்கே வந்தேன்.

நெசவாளர் படத்தைப் பெரிதாக்கிச் சிரிக்கிறார்.

"அன்னத்துக்குக் கண்ணே இல்ல பாருங்க. தறில மாட்டற, ஓட்டை போட்ட டிசைன் அட்டை கிழிஞ்சிபோச்சுன்னு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். அது கண்ணு நெய்யற ஓட்டையையும் மூடிகிச்சு. இது நம்ம தறிப் புடவைங்க, சார்!"

"எந்த வருஷம்?"

"பொண்ணு பத்தாவது ஃபெயிலான வருஷம்."

"அத்த ஏம்ப்பா எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீற?" உள்ளேயிருந்து மகள் கத்துகிறாள்.

அச்சகத்தை அழைத்து, அத்தியாயத்தை நிறுத்தச் சொல்கிறேன். நெசவாளர் பதறுகிறார்.

"நிறுத்தாதீங்க சார், என் பேரைப் போடுங்க. இனிஷியலோட."