குழாயின் வாயில் சந்தனம்

காலை ஏழு நாற்பதுக்கு, விமானத்தின் இடது இறக்கையில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய குழாயின் வாயில் நான் சந்தனப் பொட்டு வைத்தேன். எல்லாம் அப்போதுதான் கெடத் தொடங்கியது. ஒரு மாதமாகியும் நான் சந்தனத்தைத் தொடவில்லை.

அன்றுதான் என் மகள் முதன்முதலாகத் தனியாகப் பறக்கவிருந்தாள். இண்டூர் தாண்டி ஒரு தனியார் மண் ஓடுபாதை. விமானம் என்னைவிட மூத்தது. மரச்சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய துணி, இரண்டே இருக்கைகள். ஊர் ஊராகப் பறந்து சுற்றிப் பார்ப்பதற்கென்று அந்தக் காலத்தில் செய்ததாம். எங்கள் வீட்டுக் கட்டில் இதைவிட உறுதியாகத் தெரிந்தது. அவளும், விமானத்தின் சொந்தக்காரரான பயிற்சியாளரும் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அந்த இடைவெளியில், புது வண்டிக்குச் செய்வதுபோல், சக்கரம், மூக்கு, கதவு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். குழாயை மட்டும் விட்டால் குறையாகிவிடாதா?

அவள் மேலே எழும்பிய சற்று நேரத்தில் பயிற்சியாளர் கையிலிருந்த ரேடியோவில் அவள் குரல் கேட்டது. "சார், ஸ்பீடு முள்ளு ஜீரோவுலயே நிக்குது."

"ஸ்பீடு கொறஞ்சா என்னாகும்ங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"வுழுந்துரும்," என்றார், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த முள்ளுக்குக் காத்து போற கொழாய் எறக்கையில இருக்கு. ஏதோ அடைச்சிருக்கு. பூச்சியா இருக்கும்."

நான் இயற்பியல் பட்டதாரி. பூச்சியாகவே இருக்கட்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். பிறகு விரலை நீட்டினேன். அதில் சந்தனம் காய்ந்திருந்தது.

"கொழாய்க்கா பொட்டு வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தாங்க வெச்சேன்."

அவர் ரேடியோவை வாயருகே கொண்டுபோனார். "பாப்பா, பயப்படாத. உங்கப்பா கொழாய்க்குப் பொட்டு வெச்சிருக்காரு. வண்டி நல்லாத்தான் இருக்கு. முள்ளப் பாக்காத, எஞ்சின் சத்தத்தக் கேளு. நான் சொல்றப்ப வேகத்தக் கொற."

ரேடியோவில் பதில் வந்தது. "சரிங்க சார்."

குலதெய்வத்தை வேண்ட வாயெடுத்தேன். இன்றைக்குச் செய்த பக்தி போதும் என்று நிறுத்திக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல அவள் இறங்கினாள். விமானம் ஒரு குதி குதித்து, மண்ணில் ஓடி, நின்றது. ஓடிப்போய்ப் பார்க்கக் கிளம்பினேன்.

அதற்குள் புழுதிக்குள்ளிருந்து அவளே நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய் எங்கள் காருக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"ப்பா, கொழாயச் சுத்தம் பண்ணிட்டு நான் இன்னொரு ரவுண்டு போறேன். எறங்கி வர்ற வரைக்கும் நீங்க கார வுட்டு எறங்கக் கூடாது."