நுரைக்காத தண்ணீர்

மம்சாபுரம் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட மனம் வரவில்லை. “நாளைக்கு ஆளுக்கு ஒரு பாட்டில்ல உங்க வீட்டுத் தண்ணி கொண்டாங்க” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மேசை கொள்ளாத பாட்டில்கள். ஒருத்தி தூக்குவாளியிலேயே கொண்டுவந்திருந்தாள். துணி சோப்பைச் சீவிக் கரைத்து, ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கினோம். செண்பகத்தோப்பு ஓடைத் தண்ணீர் கழுத்துவரை நுரைத்ததும் வகுப்பே கூச்சல் போட்டது. கடைசி பெஞ்சுப் பெண் கொண்டுவந்த போர் தண்ணீர் மட்டும் நுரைக்கவே இல்லை. திரிந்த பால்போல அதில் வெள்ளைத் திப்பி மிதந்தது.

“ஏட்டி, சாக்கடையிலயா மோந்த?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவள் பாட்டிலைப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள். நான் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று விளக்குகிற மும்முரத்தில் அவள் முகத்தைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலை, வயல் வேலைக்குப் போகிற வழியில் அவளுடைய அம்மா வந்து நின்றார்.

“டீச்சர், எங்க வீட்டுத் தண்ணி அம்புட்டு மோசமா? நேத்துலருந்து எம் புள்ள அதைக் குடிக்க மாட்டேங்கா.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. “தப்பு என்னோடதுதான்க்கா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டுத் தண்ணியும் இதே உப்புதான். தலைக்குக் குளிச்சா முடி சிக்குப் பிடிச்சிருது.”

அவர் முகம் கொஞ்சம் இளகியது. “முடிய விடுங்க. பருப்பே வேவாது டீச்சர். பருப்புக்கு மட்டும் தெருக்குழாயில எப்பவாச்சும் வாரதைப் பிடிச்சு வச்சிக்கிடுவேன்.”

இது என் பாடப்புத்தகத்தில் இல்லை. “அதைப் பிள்ளைகளுக்குச் செஞ்சு காட்டுதியளா?” என்று கேட்டேன்.

“நானா?” என்று சிரித்தார். பிறகு, “சனிக்கிழமை வாரேன்” என்றார்.

சனிக்கிழமை சத்துணவுக் கூடத்தில் இரண்டு அடுப்புகளில் உலை வைத்தோம். ஒன்றில் தெருக்குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் வீட்டு போர் தண்ணீர். இரண்டிலும் இரண்டிரண்டு கை துவரம்பருப்பு. அந்த அம்மா அவ்வப்போது கரண்டியில் எடுத்து ஆற்றி, பிள்ளைகளின் விரலில் வைத்து நசுக்கச் சொன்னார். குழாய்த் தண்ணீரில் வெந்தது மாவாக மசிந்தது. மற்றது முழுசாகவே நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் மகளே முன்னால் வந்து, “சோப்பு நுரைக்கலைன்னா பருப்பும் லேசுல வேவாது” என்று எல்லாருக்கும் விளக்கினாள்.

சாக்கடை என்று கேட்டவள், “அப்ப நீங்க எதைக் குடிப்பிய?” என்றாள்.

“இதைத்தான். எங்களுக்குப் பழகிப்போச்சு” என்றார் அந்த அம்மா.

உடனே மீதமிருந்த போர் தண்ணீருக்கு ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். முகம் சுளித்து, சப்புக்கொட்டி, ஒருவர் விடாமல் குடித்தார்கள். கடைசியில் மகளும் ஒரு மடக்குக் குடித்தாள்.

இப்போது நான் ராஜபாளையத்தில் வேலை பார்க்கிறேன். இதே பாடத்துக்கு இங்கே பரிசோதனைக் குழாயில் மருந்தை விட்டால் தண்ணீரின் நிறம் மாறுகிறது. பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அன்றைக்கு மசிந்த பருப்பில் பூண்டைத் தட்டிப்போட்டுத் தாளித்து, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சோற்றோடு பிசைந்து சாப்பிட்டோம். அந்த அம்மா அன்று வயலுக்கே போகவில்லை.