இரண்டு ராகு காலமும் ஒரு படகும்

முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு கோயில் தலைவரிடம், "இன்னும் கொஞ்சம் தம் கட்டித் தள்ளுங்கண்ணே" என்று சொல்ல வேண்டிய நிலைமை கைடு பயிற்சிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பிறகு தேடிப் பார்த்துவிட்டேன். புதிதாக லைசென்ஸ் எடுத்து கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

1. சூட்கேஸ் பேசாது

பாச்சாங்கில் ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் டூர் ஆபீஸ். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான சேகரன்தான் முதலாளி. அந்த டிரிப்புக்கு முந்தைய வாரம், தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்மேல் கம்ப்ளெய்ன் எழுதியிருந்தது: "கைடு வழியெல்லாம் பாடம் எடுக்கிறார். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று சொல்லியும் கேட்கவில்லை."

சேகரன் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். "அண்ணே, இன்னொன்னு இந்த மாதிரி வந்துச்சுனா ஒங்களுக்கு ஏர்போர்ட் வேன்தான். சூட்கேஸ் பேசாது. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே போலாம்."

"இனிமே பேச மாட்டேன் பாஸ்."

"பேசுங்க. ஆனா கஸ்டமர் என்னா கேட்டாலும் 'போலே'னு சொல்லுங்க. 'முடியாது'ங்கற வார்த்தையே வரக்கூடாது லா."

ஐம்பத்திரண்டு வயதில், விடியாத நேரத்தில் அடுத்தவர் பெட்டியைத் தூக்கும் என் முதுகை நினைத்துப் பார்த்தேன். "போலே" என்றேன். மலாயில் முடியும் என்று பொருள்.

2. கமிட்டியின் தீர்மானம்

வந்த குழு மெர்லிமாவ் பக்கத்துக் கோயில் கமிட்டி. மொத்தம் பதினெட்டுப் பேர். தெற்கே கடலோரத் தேசியப் பூங்கா. காலையில் படகுச் சவாரி, பிறகு அலையாத்திக் காட்டில் பலகைப் பாதையில் நடை. சனிக்கிழமை. அன்று தண்ணீர் ஒன்பதே காலுக்கு உச்சத்துக்கு ஏறும். படகு பத்து மணிக்குள் கிளம்பியாக வேண்டும். அதற்குமேல் வடிய ஆரம்பித்தால் ஆற்றுவாய் வெறும் சேறு. இதெல்லாம் எனக்கு மிக நன்றாகத் தெரியும். அதைத்தான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டும்.

வழியில் மூன்று டாய்லெட், ஒரு நாசி லெமாக் பசியாறல். படகு ஜெட்டிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது ஐந்து. தலைவர் பஸ் படியிலேயே நின்றுவிட்டார். டி-ஷர்ட் போட்ட கூட்டத்தில் வேட்டி கட்டி வந்தவர் அவர் ஒருவர்தான்.

"சனிக்கெழம ஒம்பதுல இருந்து பத்தர ராகு காலம். தண்ணியில கால் வைக்கக் கூடாது."

"பத்தரைக்கு ஏறிடலாம்ங்கறீங்களா?" என்று கமிட்டிச் செயலாளர் சரோஜா டீச்சர் குறுக்கே வந்தார். தமிழ்ப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "அது இந்தியா டைம், தலைவரே. அங்க சூரியன் ஆறு மணிக்கு வருது, இங்க ஏழாவுது. நம்ம ஊருக்குப் பத்துல இருந்து பதினொன்ற. இப்பவே ஏறிட்டா பிரச்சன இல்ல."

"காலண்டர்ல என்னா போட்டிருக்கு?"

"காலண்டர் எங்க அடிச்சது? அதப் பாருங்க மொதல்ல."

பத்து நிமிடம் வாக்குவாதம். கடைசியில் பொருளாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு கணக்கையும் மதித்து, ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை யாரும் படகில் ஏற வேண்டாம். அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு கோயில் கமிட்டியில் இப்படி ஒரு ஒற்றுமையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

படகோட்டி பாக் மாட் தூரத்திலிருந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக, "லேட்டானா தண்ணி கொஞ்சம் கொறையும்ண்ணே... பரவால்ல, போலே" என்றேன். கடலைப் பற்றிய முக்கியமான தகவலை, சாம்பாரில் உப்பு குறைவு என்பதுபோலச் சொன்ன கைடு நானாகத்தான் இருப்பேன்.

அதுவரை பலகைப் பாதையில் நடக்கலாம் என்று முடிவானது. ராகு காலத்தில் நடக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "நடக்கறது காலையில வீட்டுலேர்ந்து எறங்குனப்பவே ஆரம்பிச்சாச்சு. படகுதான் புதுசு" என்று தலைவர் தீர்ப்பு சொன்னார்.

அலையாத்தி மரங்களில் ஆறு வகைக்குத் தாவரவியல் பெயர் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று. டாய்லெட் எங்கே? சாப்பாடு எப்போ? ஜெட்டி போர்டில் போட்டிருக்கிற முதலை நெஜமாவே இருக்கா?

"போர்டுலதான்மா இருக்கு" என்றேன்.

பத்து இருபதுக்கு ஒரு குரங்கு தலைவர் கையிலிருந்த கறிபாப் பலகாரத்தைப் பறித்துக்கொண்டு போனது. பத்து இருபது இரண்டு ராகு காலத்துக்குள்ளும் வருவதால், இரு தரப்பும் தங்கள் கணக்கே சரி என்று நிம்மதியடைந்தார்கள்.

3. போர்டில் இருந்த முதலை

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தேங்காய் உடைத்துப் படகில் ஏறினோம். பாக் மாட் ஜெட்டியின் கால்களைக் காட்டினார். காலையில் தண்ணீர் இருந்த அடையாளம் என் தலைக்குமேல் ஈரமாகத் தெரிந்தது. "ஆயர் டா சுருட் லா, பாங்" என்றார். தண்ணீர் வடிந்துவிட்டது என்று அவர் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

ஆற்றுவாயை எட்டும் முன்பே படகு மெதுவாக, மிக மரியாதையாக, சேற்றில் உட்கார்ந்தது. இன்ஜின் சாக்லேட் நிறத்தில் எதையோ பின்னால் வாரி இறைத்தது. பாக் மாட் அதை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் பாரத்தைக் குறைத்து ஆழப் பக்கம் தள்ளாவிட்டால் சாயங்காலம் தண்ணீர் திரும்பி ஏறும்வரை இங்கேதான் என்றார். மேலே கூரை கிடையாது. படகில் சர்க்கரை நோயாளிகள் நான்கு பேர். மதியச் சாப்பாடு பஸ்சில்.

"ஆம்பளைங்க எறங்குங்க" என்றார் சரோஜா டீச்சர்.

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். ஜெட்டியில் மஞ்சள் போர்டு. அதில் வாயைப் பிளந்துகொண்டு அது.

"கைடு, போர்டுலதான் இருக்குனு சொன்னீங்கள்ல?" பொருளாளர் மிக அன்பாகக் கேட்டார். "அப்ப மொத நீங்க எறங்கிக் காட்டுங்க."

பாக் மாட் நீண்ட கழியால் சுற்றிலும் குத்திப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆழமில்லாத இடத்துக்கு அது வராது என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

இறங்கினேன். சேறு முழங்காலைப் பிடித்துக்கொண்டது. ஏதோ ஒன்று காலை உரசியது. என்ன என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. ஏர்போர்ட் வேனில் ஏர்கான் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு பக்கத்தில் 'தொளக்' என்று ஒரு சத்தம். தலைவர்.

"தனியா நிக்கிறீங்களேனு வந்தேன் தம்பி" என்றார். தலைவரே இறங்கிய பிறகு மற்ற ஆண்களுக்கு வேறு வழியில்லை. ஒன்பது பேர் தள்ளினோம். மேலிருந்து டீச்சர் எண்ணிக் கொடுத்தார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு... தலைவரே, நீங்க நாலுக்குத் தள்றீங்க!" ஏழாவது தடவை படகு நகர்ந்தது. தலைவரின் ஒரு செருப்பு பூங்காவுக்கே சொந்தமாகிவிட்டது. சவாரி அவ்வளவுதான், திரும்பி ஜெட்டிக்கே வந்தோம்.

4. படிவம்

குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே தலைவர் கருத்துப் படிவத்தை நிரப்பினார். என் வேலை அந்தத் தாளில் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "காலையிலயே நான் கண்டிப்பா சொல்லியிருக்கணும்ண்ணே..."

கையை உயர்த்தி நிறுத்தினார். "பாத்தீங்களா தம்பி, ராகு காலம் தாண்டி ஏறுனதால சேத்தோட போச்சு. அதுல ஏறியிருந்தா முழுகியே போயிருப்போம்!"

"ரெண்டு ராகு காலமும்" என்று டீச்சர் திருத்தினார்.

படிவத்தில் எழுதியிருந்தது: "கைடு அருமையானவர். நேரங்காலம் தெரிந்தவர்." சேகரன் அதை ஆபீஸ் சுவரில் ஒட்டினார். தினமும் அதைக் கடந்துதான் உட்காரப் போகிறேன். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நான் கற்றது இதுதான். முடியாது என்பதை முடியாது என்றே, உரக்க, ஜெட்டியில் வைத்தே சொல்லிவிடுங்கள். சேற்றில் வைத்துச் சொன்னால் எடுபடாது. இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. அதனால் வேறொன்று செய்கிறேன். இப்போது ஒவ்வொரு டிரிப் தாளிலும் அலை அட்டவணையைப் பார்த்து, படகு ஏறும் நேரத்துக்குப் பக்கத்தில் 'நல்ல நேரம்' என்று அச்சடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரு குழுகூட ஒரு நிமிடம் தாமதித்ததில்லை.

போன வாரம் தலைவர் போன் செய்தார். "தம்பி, ஒங்க தாள்ல போடற நேரம் ரொம்ப கரெக்டா இருக்காம், எல்லாரும் சொல்றாங்க. அடுத்த மாசம் மகளுக்கு நிச்சயம் வைக்கணும். ஒரு நாள் பாத்துச் சொல்லுங்களேன்."

முடியாது என்று சொல்ல அருமையான சந்தர்ப்பம். அலை அட்டவணையைப் புரட்டினேன்.

"மொத ஞாயித்துக்கெழம பத்து இருவதுண்ணே" என்றேன். "தண்ணி நல்லா ஏறியிருக்கும். எங்கயும் தரை தட்டாது."